வண்டிக்கும் ஒரு பதிவேடு: எக்ஸ்.எல். வண்டியை நாமே பார்த்துக்கொள்வோம்



நம் ஊர்ப் பாதை எப்படி இருக்கும் என்று நமக்குத்தான் தெரியும். மெயின் ரோட்டில் கொஞ்ச தூரம் தார், பிறகு ஜல்லி, பிறகு வாய்க்கால் கரை, கடைசியில் வண்டித் தடம். காலையில் பால் சொசைட்டி, பத்து மணிக்கு பேங்க், சாயங்காலம் புல்லுக்கட்டு. தாரிலும் ஓடணும், சேற்றிலும் ஓடணும், சுமையும் தூக்கணும். இதற்கு நம் கிராமங்களில் அதிகம் பார்க்கும் வண்டி எக்ஸ்.எல். வண்டிதான்.

1980-ல் ஓசூர் தொழிற்சாலையிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. அந்த வழியில் வந்ததுதான் இன்றைய எக்ஸ்.எல். 100. பெண்கள் வண்டி ஓட்டுவதற்கும் நம் மாநிலத்தில் ஒரு வரலாறு உண்டு. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்த்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். 2018-ல் வேலைக்குப் போகும் பெண்களுக்கு இருசக்கர வண்டி வாங்க பாதி விலை, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம் தரும் திட்டத்தை மாநில அரசு தொடங்கியது. குழுக் கடன் வாங்கி வண்டி எடுத்தவர்களும் நம்மில் நிறைய பேர்.

ஓட்டக் கற்றுக்கொண்டோம், சரி. ஆனால் வண்டி நின்று போனால் என்ன செய்கிறோம்? வீட்டுக்காரர் வரட்டும், பையன் வரட்டும், மெக்கானிக் வரட்டும் என்று காத்திருக்கிறோம். அன்றைக்குப் பால் கெட்டுப்போகும், பூ வாடிப்போகும், கூலி போகும். ஆனால் கடன் தவணை மட்டும் தேதி தவறாமல் வந்து நிற்கும்!

வண்டியை ஓட்டத் தெரிந்தால் மட்டும் அது நம் வண்டி ஆகாது. அதைப் பார்த்துக்கொள்ளவும் தெரிந்தால்தான் அது முழுசாக நம் கைக்கு வரும். இது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கறவை மாட்டைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த நமக்கு இது எம்மாத்திரம்? வாரம் பத்து நிமிஷம், மாதம் அரை மணி நேரம், ஒரு நோட்டுப் புத்தகம். அவ்வளவுதான்.

ஒரு சின்னக் கணக்கு

கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். ஒருவர் மாதம் 900 கி.மீ. ஓட்டுகிறார். லிட்டருக்கு 55 கி.மீ. கொடுத்தால் 16.4 லிட்டர் பெட்ரோல் ஆகும். காத்து குறைந்து, செயின் காய்ந்து, ஃபில்டர் அடைத்து, அதே வண்டி 45 கி.மீ. மட்டும் கொடுத்தால் 20 லிட்டர் ஆகும். 3.6 லிட்டர் வீண். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலும் மாதம் 360 ரூபாய், வருஷத்துக்கு 4,320 ரூபாய். குழுவில் நாம் போடும் சந்தாவோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். சிறுதுளி பெருவெள்ளம் என்பது சேமிப்புக்கு மட்டும் இல்லை, நஷ்டத்துக்கும்தான்.

வீட்டில் வைத்திருக்க வேண்டிய சாமான்கள்

வண்டியோடு வரும் டூல் கிட்டைத் தூக்கிப் பரணில் போட்டுவிட வேண்டாம். அதோடு இவையும் இருந்தால் போதும்:

1. நட்டுகளுக்குப் பொருந்தும் ஸ்பானர்கள். பொருந்தாத ஸ்பானரும் கட்டிங் பிளேயரும் நட்டின் மூலையை வழித்துவிடும்.
2. பிளக் ஸ்பானர், திருப்புளி.
3. கைப்பம்பு, காத்து அளக்கும் மீட்டர்.
4. பழைய பல் விளக்கும் பிரஷ், பழைய பருத்தித் துணி.
5. கொஞ்சம் மண்ணெண்ணெய், கிடைக்காவிட்டால் டீசல். செயினுக்குப் போடும் ஆயில்.
6. வண்டியோடு கொடுத்த கையேடு. இதுதான் முக்கியம். காத்து எவ்வளவு, ஆயில் எந்த வகை, செயின் எவ்வளவு தொய்வு, எவ்வளவு சுமை என்று எல்லாம் அதில் இருக்கிறது. படிக்கக் கஷ்டமாக இருந்தால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை வாசிக்கச் சொல்லி, அந்த எண்களை மட்டும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒருவர் தனியாக வாங்கினால் செலவு கூடும். பம்பும் மீட்டரும் ஸ்பானர் செட்டும் குழுவுக்குப் பொதுவாக ஒன்று வாங்கி, யார் எடுத்துப் போனார்கள் என்று எழுதி வைத்தால் போதும்.

வேலை தொடங்கும் முன்

எஞ்சின் அணைந்திருக்க வேண்டும், சாவி கையில் இருக்க வேண்டும். இது முதல் சட்டம். சிலர் எஞ்சினை ஓடவிட்டு, சக்கரம் சுத்தும்போதே துணியால் செயினைத் துடைப்பார்கள். துணி மாட்டினால் துணியோடு விரலும் பல்சக்கரத்துக்குள் போய்விடும். சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுத்தித்தான் துடைக்க வேண்டும்.

வண்டி சமதரையில் நடு ஸ்டாண்டில் நிற்கட்டும். சைலன்சர் ஆறியிருக்கட்டும். முந்தானையைச் செருகிக்கொள்ளுங்கள், கூந்தலை முடிந்துகொள்ளுங்கள், வளையலைக் கழற்றி வையுங்கள். அடுப்புப் பக்கத்திலோ விளக்குப் பக்கத்திலோ இந்த வேலை வேண்டாம். பெட்ரோலில் எதையும் கழுவவும் வேண்டாம். பெட்ரோல் ஆவி தூரத்து நெருப்பையும் இழுத்து வந்துவிடும்.

வாரம் பத்து நிமிஷம்

காத்து: காலையில் வண்டி எடுப்பதற்கு முன்பே அளக்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் அளந்தால் காத்து அதிகமாகக் காட்டும். முன் சக்கரத்துக்கு ஓர் அளவு, பின் சக்கரத்துக்கு ஓர் அளவு. ஆள் ஏறினால், சுமை ஏறினால் பின்னுக்கு இன்னும் கொஞ்சம் என்று கையேட்டில் இருக்கும். காத்து குறைந்தால் பெட்ரோல் அதிகம் குடிக்கும், டயரின் ஓரம் தேயும், கல் குத்தினால் டியூப் கிள்ளுப்படும். மண் ரோட்டில் குலுங்காமல் இருக்கட்டும் என்று காத்தை ரொம்ப இறக்கி ஓட்டுவதும் தப்பு. சுமையோடு போகிற டியூப் டயருக்கு அது ஆகாது.

டயர்: கையால் தடவிப் பாருங்கள். ஆணி, முள், கருவேல முள் குத்தி நிற்கிறதா? பக்கவாட்டில் வெடிப்பு, புடைப்பு உண்டா? டயரின் பள்ளத்துக்குள்ளே சின்ன மேடு மாதிரி தேய்மானக் குறி இருக்கும். டயர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. மழைக்காலத்தில் வழுக்கை டயர் எமனுக்கு அழைப்பு.

பிரேக்: லீவரைப் பிடியுங்கள். கொஞ்சம் சும்மா வந்து, பிறகு இறுக வேண்டும். கைப்பிடி வரைக்கும் வந்துவிட்டால் தளர்ந்திருக்கிறது. தொட்டவுடனே பிடித்தால் ரொம்ப இறுக்கம். ஓடும்போதே தேய்ந்து டிரம் சூடாகும். பின் சக்கரத்தைக் கையால் சுத்திப் பாருங்கள், உரசாமல் சுத்த வேண்டும். சக்கரத்துப் பக்கத்தில் உள்ள நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகிச் சரிசெய்யலாம். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் ஒரு லீவரைப் பிடித்தாலே இரண்டு சக்கரமும் சேர்ந்து பிடிக்கும் அமைப்பு இருக்கிறது. அதன் இணைப்பு ஒயரை நாமாகக் கழற்ற வேண்டாம்.

ஆயில்: எஞ்சின் ஆயில் அளவைக் கையேட்டில் சொன்ன முறைப்படி பாருங்கள். குறைந்தால் அதே வகை ஆயிலை ஊற்றுங்கள். கார் ஆயில் மிச்சம் இருக்கிறது என்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். இந்த வண்டியில் கிளட்சும் எஞ்சின் ஆயிலிலேயே நனைந்து ஓடுகிறது. தப்பான ஆயில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும்.

விளக்கு, ஹாரன், கண்ணாடி: முன் விளக்கு, பிரேக் லைட், இண்டிகேட்டர், ஹாரன் எல்லாம் வேலை செய்கிறதா? இரண்டு கண்ணாடியும் இருக்கிறதா? பக்கத்தில் ஒரு பிள்ளையை நிறுத்திப் பார்க்கச் சொன்னால் ஒரு நிமிஷ வேலை.

பழைய எக்ஸ்.எல்., புது எக்ஸ்.எல். குழப்பம் வேண்டாம்

நம் ஊர்களில் இரண்டு தலைமுறை வண்டிகள் ஓடுகின்றன. பழைய எக்ஸ்.எல். சூப்பர் 2-ஸ்ட்ரோக் எஞ்சின். அதற்குப் பெட்ரோலிலேயே 2டி ஆயில் கலந்து ஊற்ற வேண்டும். கலக்க மறந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். 2015-ல் வந்த எக்ஸ்.எல். 100 என்பது 4-ஸ்ட்ரோக் எஞ்சின். அதற்கு ஆயில் தனியாக எஞ்சினுக்குள் இருக்கிறது. பெட்ரோலில் 2டி ஆயில் கலக்கவே கூடாது. கலந்தால் புகை வரும், பிளக் கரி பிடிக்கும்.

"முன்ன ஊத்தினோமே, இதுக்கும் ஊத்தினா நல்லதுதானே" என்று பழக்கத்தில் ஊற்றிவிடுவதுண்டு. நல்லதுக்கு இல்லை! அதேபோல, புது வண்டியில் பெட்ரோலில்தான் ஆயில் போகிறது என்று நினைத்து எஞ்சின் ஆயிலைப் பார்க்காமலே விட்டாலும் எஞ்சின் போய்விடும்.

2020 ஏப்ரலிலிருந்து பி.எஸ்.6 சட்டம் வந்தது. அதன்படி வந்த எக்ஸ்.எல். 100-ல் கார்புரேட்டர் இல்லை, ஃப்யூயல் இன்ஜெக்ஷன் இருக்கிறது. இதில் "கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவு" என்ற பேச்சுக்கே இடமில்லை. எஞ்சின் படம் போட்ட எச்சரிக்கை விளக்கு அணையாமல் எரிந்தால், மெஷின் வைத்துப் பார்க்கத் தெரிந்த கடைக்குத்தான் போக வேண்டும். பெட்ரோல் தீரும் வரை ஓட்டும் பழக்கமும் இந்த வண்டிக்கு ஆகாது. பெட்ரோல் பம்பு பெட்ரோலுக்குள் மூழ்கியிருந்தால்தான் சூடாகாமல் இருக்கும்.

இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். அதனால் பெட்ரோலைப் பாட்டிலில் வாங்கி மாதக்கணக்கில் வைக்க வேண்டாம். மழையில் நிற்கும் வண்டியின் டேங்க் மூடி நன்றாக மூடியிருக்கட்டும்.

மாதம் அரை மணி நேரம்: செயின்

மண் ரோட்டில் ஓடும் வண்டிக்கு முதலில் அடி வாங்குவது செயின்தான். ஆயிலோடு மணல் சேர்ந்தால் உப்புத்தாள் மாதிரி ஆகி, செயினையும் பல்சக்கரத்தையும் அரைத்துவிடும்.

முதலில் பிரஷில் மண்ணெண்ணெய் தொட்டு அழுக்கைத் தேய்த்து எடுங்கள். துணியால் நன்றாகத் துடையுங்கள். காய்ந்த பிறகு, சக்கரத்தைக் கையால் சுத்திக்கொண்டே செயினின் உள்பக்கம் சொட்டுச் சொட்டாக ஆயில் விடுங்கள். உள்பக்கம் விட்டால் ஓடும்போது ஆயில் தானே வெளிப்பக்கம் பரவும். பத்து நிமிஷம் கழித்து மிச்ச ஆயிலைத் துடைத்துவிடுங்கள். வழிய வழிய ஆயில் விட்டால் மண்தான் அதிகம் ஒட்டும். டயரிலோ பிரேக்கிலோ ஒரு சொட்டு ஆயில்கூடப் படக் கூடாது.

பிறகு தொய்வு பாருங்கள். இரண்டு பல்சக்கரத்துக்கும் நடுவில், செயினின் கீழ்ப்பக்கத்தை விரலால் மேலே கீழே ஆட்டினால் எவ்வளவு ஆடுகிறது? இந்த மாதிரி வண்டிகளில் பொதுவாக 20 முதல் 30 மி.மீ. வரை இருக்கும். உங்கள் கையேட்டில் உள்ள எண்ணே சரியான எண். செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேயாது. ஆகவே சக்கரத்தைச் சுத்தி நாலு இடத்தில் பார்த்து, அதிகம் இறுகின இடத்தில் அளக்க வேண்டும்.

தளர்ந்திருந்தால் பின் சக்கரத்து அச்சு நட்டைக் கொஞ்சம் தளர்த்தி, இரண்டு பக்கத்து அட்ஜஸ்டரையும் ஒரே அளவு திருக வேண்டும். இரண்டு பக்கமும் கோடு போட்டிருக்கும். இந்தப் பக்கம் மூன்றாவது கோடு என்றால் அந்தப் பக்கமும் மூன்றாவது கோடு. மாறினால் சக்கரம் கோணி, டயர் ஒரு பக்கமாகத் தேயும். அச்சு நட்டை நன்றாக இறுக்கிய பிறகு மறுபடி அளந்து பாருங்கள். சக்கரம் பின்னால் நகர்ந்ததால் பின் பிரேக்கும் இறுகியிருக்கும். அதையும் சரிசெய்துவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும்.

செயின் இறுக்கமாக இருந்தால் நல்லது என்று நினைக்க வேண்டாம். சுமை ஏறிப் பள்ளத்தில் இறங்கும்போது செயின் இன்னும் இழுபடும். பேரிங்கும் போகும், செயினும் அறுந்துபோகும்.

இன்னொரு சின்ன விஷயம். செயினை இணைக்கும் இடத்தில் ஒரு கிளிப் லாக் இருக்கும். அதன் மூடின முனை செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்க வேண்டும், பிளந்த முனை பின்பக்கம். மாறிப் போட்டிருந்தால் எதிலாவது தட்டிக் கழன்றுவிடும். கடையில் செயின் மாற்றி வந்தால் இதை நாமே பார்க்கலாம்.

ஏர் ஃபில்டரும் பிளக்கும்

எஞ்சின் மூச்சு விடுவது ஏர் ஃபில்டர் வழியாக. புழுதியில் ஓடும் வண்டிக்கு, கையேட்டில் போட்ட கிலோமீட்டருக்கு முன்னாலேயே இதைப் பார்க்க வேண்டும். பேப்பர் ஃபில்டர் என்றால் மெதுவாகத் தட்டித் தூசி எடுக்கலாம். தண்ணீரிலோ பெட்ரோலிலோ கழுவக் கூடாது. ரொம்ப அழுக்கு என்றால் மாற்றுவதுதான் வழி. ஸ்பாஞ்சு ஃபில்டர் என்றால் கையேட்டில் சொன்னபடி கழுவி, முழுக்கக் காய வைத்துப் போடலாம். ஃபில்டர் இல்லாமல் ஒரு நாள்கூட ஓட்டாதீர்கள். "காத்து நல்லா போகும், வண்டி பறக்கும்" என்பார்கள். பறக்காது, மணல் உள்ளே போய் எஞ்சினைத் தின்றுவிடும்.

பிளக்கை எஞ்சின் ஆறின பிறகே கழற்றுங்கள். அதன் முனை நமக்கு எஞ்சினின் உடம்பு எப்படி என்று சொல்லும், வைத்தியர் நாக்கு பார்ப்பது போல. டீத்தூள் நிறமாக இருந்தால் நலம். கரி பிடித்துக் கருப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது, இல்லை ஃபில்டர் அடைத்திருக்கிறது. ஈரமாக, எண்ணெயாக இருந்தால் எஞ்சினுக்குள் ஆயில் ஏறுகிறது. வெள்ளையாக வெந்திருந்தால் அதிகச் சூடு. கடைசி இரண்டும் கண்டால் மெக்கானிக்கிடம் போகணும். பிளக்கை மறுபடி போடும்போது முதலில் விரலால் மட்டும் திருக வேண்டும். கோணலாக ஸ்பானர் போட்டு இறுக்கினால் மரை போய்விடும். அது பெரிய செலவு.

மழைக்காலத்தில்

வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. அதற்கு முன்பே டயரும் பிரேக்கும் பார்த்துவிட வேண்டும். ஓடையில் இறங்கி ஏறினாலோ, வண்டியைக் கழுவினாலோ பிரேக் டிரம்மில் தண்ணீர் போய்ப் பிடிப்பு குறையும். மெதுவாகப் போய்க்கொண்டே இரண்டு மூன்று தடவை பிரேக்கை லேசாகப் பிடித்தால் சூட்டில் காய்ந்துவிடும்.

வண்டி முழுசாக வெள்ளத்தில் மூழ்கியிருந்தால் கிக்கர் அடிக்கவே அடிக்காதீர்கள். உள்ளே தண்ணீர் இருக்கும்போது ஸ்டார்ட் பண்ணினால் எஞ்சின் உடையும். ஆயிலைப் பாருங்கள்; பால் கலந்த காப்பி மாதிரி இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். தள்ளிக்கொண்டே கடைக்குப் போக வேண்டியதுதான்.

கழுவின ஆயிலும் மாற்றின பழைய ஆயிலும் எங்கே போகிறது என்றும் யோசிக்க வேண்டும். ஏரியில், குளத்தில் வண்டி கழுவினால் மாடு குடிக்கும் தண்ணீரில் எண்ணெய் மிதக்கும். பழைய ஆயிலை மாட்டுப் புண்ணுக்குத் தடவும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. அதில் இருக்கும் நஞ்சு மாட்டுக்கும் ஆகாது, தடவுகிற கைக்கும் ஆகாது. டப்பாவில் பிடித்து மெக்கானிக் கடையில் கொடுத்துவிடுங்கள்.

என்ன மாற்றலாம், என்ன மாற்றக் கூடாது?

வண்டி வாங்கியதும் நம் வேலைக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ள ஆசை வரும். அதில் நல்லதும் உண்டு, ஆபத்தும் உண்டு.

செய்யலாம்: சேலை கார்டு கட்டாயம் இருக்க வேண்டும். பின்னால் உட்காருபவரின் துணி சக்கரத்தில் சிக்காமல் இருக்க, பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 123 சொல்கிறது. கைப்பிடியும் கால் வைக்கும் இடமும் அதே விதியில் வருகின்றன. சுமைக்கு இடைஞ்சல் என்று சேலை கார்டைக் கழற்றிப் போட்டால் உயிருக்கே ஆபத்து. துப்பட்டாவும் முந்தானையும் கழுத்தோடு சுற்றி இழுத்த விபத்துகள் எத்தனை!

பின் சீட்டைக் கழற்றிப் பெட்டி, கூடை வைக்கலாம். பால் கேனுக்கு இரண்டு பக்கமும் கொக்கி போடலாம். ஆனால் இரண்டு பக்கமும் சமமான எடை. கனமான சாமான் கீழே, கால் வைக்கும் தளத்துக்கு அருகில். லேசான சாமான் மேலே. பின்னால் ரொம்பத் தள்ளிக் கனம் வைத்தால் முன் சக்கரம் லேசாகி, மேட்டில் ஹேண்டில் நம் சொல் கேட்காது. விளக்கையும் நம்பர் பிளேட்டையும் சுமை மறைக்கக் கூடாது. மொத்தச் சுமை கையேட்டில் சொன்ன அளவுக்குள் இருக்கட்டும். நம் எடையும் அதில் சேர்ந்ததுதான்!

சேற்றுப் பாதைக்குக் கட்டை கட்டையாகப் பட்டன் வைத்த டயர் போடலாம். ஆனால் எக்ஸ்.எல். டயர் 2.50-16 என்றால் அதே அளவுதான். தாரில் அது கொஞ்சம் சத்தம் போடும், ஈரத்தில் பிடிப்பு குறையும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

செய்யக் கூடாது: கேரியர் வைக்க வண்டியின் ஃபிரேமில் வெல்டிங் வைக்காதீர்கள். சூட்டில் இரும்பின் பலம் போய், அந்த இடத்திலேயே ஒடியும். நட்டு போல்ட்டிலும் கிளாம்பிலும் மாட்டுங்கள். சத்தம் போடும் சைலன்சர், ஏர் ஹாரன், பெரிய டயர், வேறு எஞ்சின் எதுவும் வேண்டாம். ஆர்.சி. புத்தகத்தில் உள்ளபடி இல்லாமல் வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டப் பிரிவு 52 தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று பிரிவு 182-ஏ சொல்கிறது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் பணத்துக்கும் அதுவே தடையாகலாம்.

"பகலில் லைட் எரிகிறதே, பேட்டரி போய்விடும்" என்று ஒயரைப் பிடுங்கிவிடவும் வேண்டாம். 2017 ஏப்ரலிலிருந்து வரும் இருசக்கர வண்டிகளில் எஞ்சின் ஓடினால் முன் விளக்கும் எரியும்படிதான் செய்கிறார்கள். எதிரே வரும் லாரிக்காரர் நம்மைப் பார்க்க வேண்டும் என்பதற்காக.

மெக்கானிக் கடையில் தைரியமாகப் பேசுவோம்

எல்லாவற்றையும் நாமே செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. எஞ்சின் திறப்பது, பிரேக் ஷூ மாற்றுவது, இன்ஜெக்ஷன், ஒயரிங் எல்லாம் தெரிந்தவர் வேலை. புது வண்டியின் இலவச சர்வீஸ்களையும் தவற விடக் கூடாது, வாரன்டிக்கு அது வேண்டும். ஆனால் கடையில் போய் "வண்டி என்னமோ பண்ணுதுங்க" என்று சொல்வதற்கும், "அண்ணே, மேடு ஏறும்போது இழுக்கல, ஃபில்டர் போன வாரம் பாத்துட்டேன், பிளக் கருப்பா இருக்கு" என்று சொல்வதற்கும் வித்தியாசம் உண்டு. இரண்டாவது பேச்சைக் கேட்டால் அவரும் மரியாதையாகப் பதில் சொல்வார், வேண்டாத வேலையும் சேராது.

மூன்று கேள்வி கேட்கலாம். செலவு எவ்வளவு ஆகும் என்று வேலைக்கு முன்பே கேளுங்கள். மாற்றின பழைய பாகத்தைக் கையில் கேளுங்கள். பில் கேளுங்கள். இது சந்தேகப்படுவது அல்ல. குழுவில் வவுச்சர் இல்லாமல் நாம் செலவு எழுதுகிறோமா? அதே நியாயம்தான்.

வண்டிப் பதிவேடு

நம் குழுவில் பதிவேடு இல்லாமல் ஒரு ரூபாய்கூட நகராது. அதே பழக்கத்தை வண்டிக்கும் கொண்டு வருவோம். ஒரு 40 பக்க நோட்டு. ஐந்து கட்டம்: தேதி, ஓடிய கிலோமீட்டர், என்ன செய்தோம், எவ்வளவு செலவு, அடுத்து எப்போது. பெட்ரோல் போட்டால் எத்தனை லிட்டர் என்றும் எழுதுங்கள். ஒவ்வொரு தடவையும் டேங்க்கை நிரப்பி, போன தடவை நிரப்பியதிலிருந்து ஓடிய தூரத்தை இப்போது போட்ட லிட்டரால் வகுத்தால் மைலேஜ் தெரியும். இரண்டு மாதம் எழுதினால் போதும், குறையும்போது நோட்டே சொல்லிவிடும்.

முதல் பக்கத்தில் இன்சூரன்ஸ் முடியும் தேதி, புகைச் சான்று முடியும் தேதி, லைசென்ஸ் முடியும் தேதி. எக்ஸ்.எல். 100 கிட்டத்தட்ட 100 சி.சி. வண்டி. அதனால் 18 வயது ஆகாத பிள்ளைகளிடம் கடைக்குப் போய் வா என்று சாவி கொடுக்கக் கூடாது. 16 வயதில் லைசென்ஸ் என்பது 50 சி.சி.க்குள் உள்ள வண்டிக்குத்தான்.

இந்த நோட்டுக்கு இன்னொரு பயனும் உண்டு. வண்டியை விற்கும்போது இதைக் காட்டினால் நல்ல விலை கேட்கலாம். வண்டிக் கடன் கேட்கும் அடுத்த உறுப்பினருக்கு ஒரு வண்டிக்கு மாதம் உண்மையில் என்ன செலவு ஆகும் என்று குழுவே காட்ட முடியும். தவணை கட்ட முடியுமா, முடியாதா என்று அவரும் முன்கூட்டியே கணக்குப் போடலாம்.

அடுத்த கூட்டத்தில்

வரும் கூட்டத்தில் சேமிப்பும் கடனும் எழுதி முடித்த பிறகு பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். வண்டி வைத்திருப்பவர்கள் வண்டியோடு வரட்டும். நடு ஸ்டாண்டில் நிறுத்தி, எல்லோரும் காத்து அளந்து பாருங்கள், செயின் தொய்வு பாருங்கள், கிளிப் எந்தப் பக்கம் என்று பாருங்கள். வண்டி இல்லாதவர்களும் கை வைத்துப் பார்க்கட்டும், நாளைக்கு அவர்களும் வாங்குவார்கள். ஹெல்மெட்டும் கொண்டு வாருங்கள், ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா, தாடைப் பட்டை பூட்டுகிறதா என்று பார்த்துவிடலாம்.

பிறகு தீர்மானப் புத்தகத்தில் இரண்டு வரி எழுதுங்கள். குழுவுக்குப் பொது டூல் பெட்டி வாங்குவதா, அது யார் பொறுப்பில் இருப்பது? வண்டிக் கடன் வாங்கியவர்கள் வண்டிப் பதிவேடு வைப்பதா? உங்கள் குழு என்ன முடிவு எடுத்தது என்பதை அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்தில் உங்கள் பிரதிநிதி சொல்லட்டும். மற்ற குழுக்களும் கேட்டுத் தெரிந்துகொள்ளும்.